தீவனக்கடை அண்ணாச்சியின் ஃபீடு

உலகத்தில் எது நடந்தாலும் அது முதலில் திருச்சுழியில் ஒரு தீவனக்கடைக்குத்தான் தெரியும். அங்கே தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே பழைய கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவரை நாங்கள் ‘ஃபீடு அண்ணாச்சி’ என்போம். ஆடு, கோழிக்குத் தீவனம் விற்பதால் வந்த பேர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இல்லை. இணையதளங்களில் புதிதாக எது வந்தாலும், நாம் தேடிப் போகாமலே நம் திரையில் வந்து விழச்செய்யும் வசதிக்கும் ஃபீடு என்றுதான் பேர். அண்ணாச்சிக்கு அதில் பைத்தியம்.

வாட்ஸப் பக்கமே போகமாட்டார். “கண்டவன் தள்ளிவிடுறத நான் ஏன் தம்பி படிக்கணும்? எனக்கு வேணுங்கிறது எங்கிட்ட வரட்டும்” என்பார்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். வீரசோழன் பாய்க்கு மிளகாய் விலை. மல்லாங்கிணறு டெய்லருக்கு மின்தடை அறிவிப்பு. கோயம்புத்தூர் மச்சினனையும் விட்டுவைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று காதுகுத்துக்கு வராத அந்த மனுஷன், தன் வலைப்பூவில் ‘குற்றாலச் சாரலில் நான்’ என்று எழுதிவிட்டார். அடுத்த நிமிஷம் அண்ணாச்சி போன் போட்டார்: “மாப்ள, காய்ச்சலுக்கு அருவித் தண்ணி நல்லதாமே?”

“ஊருக்கெல்லாம் சேதி சொல்றாக. கடை வாசல்ல ஆடு தவிட்டத் திங்கிறது மட்டும் இவுகளுக்குத் தெரியாது” என்பார் அவர் சம்சாரம். அதுவும் உண்மைதான்.

நரிக்குடி முத்துமாரி நர்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள். அந்த வேலைக்கான அறிவிப்பு வரும் இணையப் பக்கத்துக்கு ஃபீடே கிடையாது. அண்ணாச்சி ஏதோ வித்தை செய்து ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தார். ஒருநாள் காலை அதில் ஒரு வரி வந்து விழுந்தது: நேர்காணல் நாளைக்கே. அவள் போன் எடுக்கவில்லை. அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு நரிக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள், “வெளையாடாதீக அண்ணாச்சி, அடுத்த வாரந்தான” என்றாள்.

“மாத்திட்டான் தாயி. சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு.”

போனாள். வேலை கிடைத்தது. அன்றைக்கு அண்ணாச்சி கடைக்குத் திரும்பி வந்தபோது, ஆடுகள் ஒரு மூட்டையைக் காலி செய்திருந்தன.

அம்மா தவறிய பிறகு நான் எதுவுமே எழுதவில்லை. அண்ணாச்சியின் ஃபோல்டர்களில் ஒன்றில் இருந்த என் வலைப்பூ அப்படியே கிடந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் அருப்புக்கோட்டையில் என் வீட்டு வாசலில் வேர்த்து விறுவிறுத்து அண்ணாச்சி நின்றார்.

“உங்கிட்டருந்து ஒண்ணும் வரல தம்பி. என் கம்ப்யூட்டர்லதான் கோளாறுன்னு உன் ஃபீட அழிச்சு மறுபடி போட்டுப் பாத்தேன். அப்பவும் வரல. அதான் நானே வந்துட்டேன்.”

அவருக்குக் காபி போட எழுந்தவன், அடுப்படியில் அம்மாவின் டம்ளரை எடுத்துக் கழுவினேன்.