ப்ராக்ஸிக்குக் குலசாமி கேட்காத பங்காளி

ஐ.பி. முகவரிகளுக்கும் பங்காளி முறை பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான். அதனாலேயே அவருக்குப் ‘பங்காளி’ என்று பெயர். நல்லம்பள்ளி ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்.

கம்பெனிகளின் விளம்பரம் ஒவ்வொரு ஊரிலும் எப்படித் தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். நல்லம்பள்ளியில் உட்கார்ந்தபடியே டெல்லிக்காரரைப் போலப் பார்க்க அந்த ஊர்க் கணினியின் இணைய முகவரி ஒன்று இரவலாக வேண்டும். அதுதான் ப்ராக்ஸி ஐ.பி. விலைக்கு வாங்குவோம். வாங்கியவை எந்த சப்நெட்டில், அதாவது எந்தத் தெருவில், குடியிருக்கின்றன என்று பிரிப்பது பங்காளியின் பொறுப்பு.

“முகவரியில இருக்கற நாலு நெம்பர்ல முதல் மூணும் ஒண்ணா இருந்தா பங்காளிங்க தம்பி. ஒரு வூட்ல எழவு வுழுந்தா எல்லா வூட்டுக்கும் தீட்டு. வெப்சைட்டுக்காரன் ஒண்ண பிளாக் பண்ணுனா அத்தனையும் போயிரும்.”

விற்பவருக்கே போன் போட்டு, “ஏனுங்க, அண்ணன் தம்பியவே அனுப்பி வெச்சிருக்கீங்களே, நாயமா?” என்று சண்டை பிடிப்பார். தமிழ் தெரியாத அந்த மனிதர் பயந்துபோய் வேறு அனுப்புவார்.

ஒரு பெரிய துணிக் கம்பெனி எங்களைச் சோதித்துப் பார்க்க வந்தது. தேறினால் வருடம் முழுக்க வேலை. புது முகவரிகளைப் பங்காளி அலசிவிட்டு, “எல்லாம் அசலூருங்க. தாராளமா சம்பந்தம் பண்ணலாம்” என்றார்.

வீடியோவில் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முகவரி பிளாக் ஆனது. பின்னாலேயே அத்தனையும் படுத்துவிட்டன. தெரு வேறு வேறுதான். ஆனால் எல்லாமே ஒரே நிறுவனத்தின் ஒரே பெரிய வளாகத்துத் தெருக்கள். வெப்சைட்டுக்காரர்கள் வளாகத்தின் வாசலையே பூட்டிவிட்டார்கள்.

“இதைச் சரிபார்த்தது யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் துணிக் கம்பெனியின் தலைமை அம்மாள். பங்காளி எழுந்து கேமராவைக் கும்பிட்டார்.

“நான்தானுங்க. தெருவக் கேட்டேன், குலசாமியக் கேக்காம வுட்டுட்டேன்.”

இதை மொழிபெயர்க்கும் பாக்கியம் எனக்கு! நான் பாதியில் நிறுத்தியபோது அங்கே யாரோ சிரித்தார்கள். காது இரண்டும் சுட, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். வேலை கைநழுவியது.

மறுநாளிலிருந்து பங்காளி வரவில்லை. அவர் வீட்டுக்குத் தேடிப் போனேன். சவரம் செய்யாத முகம், தோளில் துண்டு, மூலையில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்.

“ஐ.பி. எல்லாம் செத்துப்போச்சாம். தீட்டு காக்கறாருங்க. இத வெளிய சொன்னா மானம் போவும்” என்றார் அவர் மனைவி.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் தலை நிமிராததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

“வேணாம் தம்பி. தீட்டு வூட்ல பங்காளிங்க தவிர யாரும் கை நனைக்கக் கூடாது. என்னால நீங்க தலகுனிஞ்சது போதும்.”

“அப்படின்னா சோறே போடச் சொல்லுங்கண்ணா” என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.