மெடிக்கல் சேரும் பூட்டிய அலுமாரியும்

கண்டி மாவட்டம் முழுவதிலும் காய்ச்சலிடமே கையொப்பம் கேட்ட மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் மெடிக்கல் சேர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் எங்கள் பாடசாலையில் அவர் உண்மையில் புவியியல் ஆசிரியர். மாணவர் சுகாதாரப் பொறுப்பு மேலதிகமாக வந்து சேர்ந்தது. சேர்ந்த நாளிலிருந்து புவியியல்தான் மேலதிகமாகிவிட்டது.

நூலகத்தின் மூலையில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஓர் அலுமாரி. இதுதான் நோயாளர் அறை. உள்ளே போக ஒரு படிவம், வெளியே வர இன்னொரு படிவம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தது. விழுந்த இடம், விழுந்த நேரம், பார்த்த சாட்சிகள் இருவர் என்று அவர் எழுதி முடித்தபோது இரத்தம் தானாகவே உலர்ந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் 'சிகிச்சை வெற்றி' என்று எழுதினார்.

ஒருமுறை அவருக்கே காய்ச்சல் வந்தது. நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போக விண்ணப்பம் எழுதினார். தானே பெற்று, தானே வாசித்து, தானே நிராகரித்தார்.

"ஏன் சேர்?" என்றேன்.

"பாதுகாவலர் கையொப்பம் இல்லை, டீச்சர். அம்மா யாழ்ப்பாணத்தில. நான் என்ன செய்யிறது?"

அதிபர் பாதுகாவலராகக் கையொப்பமிட்ட பிறகே வீடு போனார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவரின் மருந்துகளுக்குப் பெற்றோரே வந்து அனுமதி பெற வேண்டும். அனுமதி பெற்ற மருந்துகள் யாவும் அலுமாரியில் பூட்டப்பட வேண்டும். சாவி அதிபரிடம் இருக்க வேண்டும். எங்கள் அதிபர் வாரத்தில் மூன்று நாள் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். சாவியும் அவரோடு கூட்டத்துக்குப் போய்விடும்.

எட்டாம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை. ஆஸ்துமா. மழைக்கால மூடுபனியில் மூச்சுத் திணறும். அவள் கட்டுகஸ்தோட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். மூச்சு முட்டும்போது வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பையும் வைத்தியரின் கடிதத்தையும் சித்தி கொண்டுவந்தபோது, சித்தி பெற்றோர் அல்ல என்று சேர் திருப்பி அனுப்பினார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா வந்தார். கடிதத்தில் திகதி இல்லை. மறுபடி வந்தார். திகதி இருந்தது, முத்திரை இல்லை. மூன்றாம் முறை வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"சேர், ரெண்டு பஸ் மாறி வாறேங்க. கொழுந்து பறிக்கிறத விட்டுட்டு வாறேன். புள்ளைக்கு மூச்சு அடைக்கிறப்போ முத்திரையவா காட்டுறது? அதப் பாத்துட்டு மூச்சு வருமா?"

சேர் கடிதத்தைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். பிறகு பம்பை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நீங்கள் இனி வரத் தேவையில்லை. விண்ணப்பம் பரிசீலனையில இருக்கும்."

"எம்புட்டு நாளைக்குங்க?"

"அது சொல்ல ஏலாது."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினாறு நாட்கள் நான் அவரோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் கணக்குக் கொப்பிகளை அடுக்கி எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு மதில் கட்டினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இடைவேளைகளில் எட்டாம் வகுப்பு வாசலிலேயே திரிந்தார். காலைக் கூட்டத்திலும் எட்டாம் வகுப்பு வரிசைக்குப் பின்னால்தான் நின்றார். அடுத்த படிவத்துக்குத் தலை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள், மூன்றாம் பாடவேளை. வெளியே அடைமழை. கரும்பலகையில் நான் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் விசில் போல ஒரு சத்தம் கேட்டது. தர்ஷினி மேசையைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். உதடு வெளுத்திருந்தது. வகுப்புத் தலைவியை அதிபரிடம் ஓடச் சொன்னேன். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"டீச்சர், அதிபர் கூட்டத்துக்குப் போயிட்டாராம்!"

அலுமாரியை உடைப்பதென்று முடிவெடுத்து வாசலுக்குப் பாய்ந்தேன். அங்கே மெடிக்கல் சேர் நின்றார். கையில் சோக்குக் கட்டி. பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்தார்.

"பிள்ளை, பயப்பிடாதை. நிமிந்து இரு. ம், இப்ப இழு. மூச்சைப் பிடி. ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

பத்துவரை எண்ணினார். மறுபடியும் கொடுத்தார், மறுபடியும் எண்ணினார். வகுப்பு முழுவதும் அவரோடு சேர்ந்து எண்ணியது. விசில் சத்தம் மெல்ல அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. சித்திக்குச் சொல்லி அனுப்பி, பிள்ளையை முச்சக்கர வண்டியில் வைத்தியரிடம் கூட்டிப்போனோம். வழி நெடுக அவர் மடியில் ஒரு படிவம் இருந்தது. அதில் ஓர் எழுத்தும் விழவில்லை. பிள்ளையின் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் அவளுடைய விண்ணப்பக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். திகதி, கையொப்பம், முத்திரை எல்லாமே இருந்தன. கீழே சேரின் கையெழுத்து: 'முத்திரை மங்கல். ஏற்க முடியாது.'

"சேர், முத்திரை நல்லாத்தானே இருக்கு?"

"வடிவாப் பாருங்கோ டீச்சர், மங்கல்."

"எங்க மங்கல்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏற்றுக்கொண்டால் அலுமாரிக்குள்ள வைக்க வேணும். ஏற்றுக்கொள்ளாட்டி வைக்க ஏலாது. வைக்க ஏலாத சாமானைப் பிறகு எங்க வைக்கிறது?" என்று சட்டைப் பையைத் தட்டினார்.

எங்கள் பாடசாலையில் ஒவ்வொரு கோப்பையும் இன்னோர் ஆசிரியர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். அந்த வருடம் அந்த இன்னோர் ஆசிரியர் நான். இருபத்திரண்டு வருட வேலையில் அரைப் புள்ளியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ போட்டவள் அல்ல நான். முத்திரையின் ஊதா எழுத்துகளைக் கதவடியில் நின்றே வாசிக்கலாம்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். கடிதத்தை ஒருமுறை பார்த்தேன். 'மங்கலாகத்தான் இருக்கிறது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.