குரைக்கும் கேட்

மாமனார் ஒரு சாவியைக் கொடுத்தால் மாப்பிள்ளைக்குத் தலை எவ்வளவு கனக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

"ஊருக்கு வெளிய நம்ம மனை இருக்குல்ல மாப்பிள்ளை, அங்க திருட்டு பயம். ஒரு மாசம் அந்த கேட்டைப் பத்திரமா பாத்துக்கோங்க. அப்புறம் மரக்கடை கல்லாவுல நீங்கதான்" என்றார் மாமனார்.

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு அந்தக் கல்லாமேல்தான் கண். கடைக்கு வந்த முதல் வாரமே கதவுச் சட்டங்களை விறகு விலைக்கு விற்றவர் அவர்.

அங்கே கரண்ட் கிடையாது. ஆள் அசைந்தால் தானே எரியும் பாட்டரி லைட்டு வாங்கினார். கடை டெம்போ டிரைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள ஒரு எட்டு பாத்துரலாமா சார்?"

"கேட்டைக் காப்பாத்தினா உள்ள இருக்கிறது தானா தப்பிக்கும்யா. மூளையை யூஸ் பண்ணு."

டிரைவர் மூளையை யூஸ் பண்ணி வாயை மூடிக்கொண்டார்.

அந்த ரோட்டில் வேறு வெளிச்சமே இல்லை. போகிற லாரியெல்லாம் கேட்டில் நின்றது.

"மாஸ்டர், ரெண்டு டீ."

டீ கேட்பவர்களை விரட்ட, குரைக்கும் பெட்டி ஒன்றை மாட்டினார். அது குரைத்ததும் சுற்றுவட்டார நாயெல்லாம் பதில் சொல்ல வந்து, அங்கேயே குடியேறின. நாய் வால் ஆட்ட லைட் எரிந்தது. லைட் எரிந்தே பாட்டரி செத்தது.

பெரிய பாட்டரியும் சுழலும் சிவப்பு விளக்கும் வந்தன. ஏதோ விபத்து என்று கூட்டம் கூடியது.

கடைசியில் போர்டு எழுதி மாட்டினார்: 'உள்ளே விலை உயர்ந்த பொருட்கள். திருடர்கள் நுழையக் கூடாது.'

"வழி சொல்ற மாதிரி இருக்கே சார்."

"படிச்சா பயந்துருவான்யா."

அந்த வாரமே பூட்டு உடைந்தது. மாப்பிள்ளை முதல் தடவையாக உள்ளே போனார். நாலு பக்கமும் சுவர், நடுவில் வெறும் மண். மாமனாருக்கு போன் போட்டார்.

"மாமா, வழிச்சுத் துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டானுங்க."

மறுமுனையில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவருக்கே பொறுக்கவில்லை.

"சார், இங்க என்னைக்குமே ஒண்ணும் இருந்ததில்ல. நீங்க கடைப் பக்கம் வராம இருக்கணும்னுதான் பெரியவர் இந்த கேட்டையே போட்டாரு."

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது.

"அப்ப நான் வந்தப்புறம் ஒரு சாமான்கூடத் திருடு போகலைன்னு சொல்லு."

மறுநாள் காலை, அந்த மனையின் பின்பக்கச் சுவரை உடைத்து இன்னொரு கேட் வைக்க மாமனார் ஆள் அனுப்பினார்.