உயிருள்ள ஒயர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மாடிப்படி நிரம்பிவிட்டது. கீழே டயர் கடை. மேலே ஞானம். நடுவில் படிக்குப் படி மனிதர்கள். சிலர் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல அதை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே இருந்தவருக்கு ஒலிஞானி என்று பெயர். பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். வாசலில் பலகை எழுதியவர் கொடுத்தார், எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு.

ஞானியின் தத்துவம் சின்னது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஓடும் ஒயர் இருக்கிறதே, அது கடையில் சுருட்டி வைத்திருக்கும்போதே செத்துவிடுகிறதாம். செத்த ஒயரில் வரும் குரலும் பிணமாகத்தான் வருமாம். ஞானி அதை நிலா வெளிச்சத்தில் கிடத்தி, அதன் காதில் மந்திரம் ஓதி, உயிர் கொடுத்து, 'ஜீவதந்தி' என்று பெயரும் வைத்து விற்கிறார். ஒயருக்குக் காது எந்தப் பக்கம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. விலையை மட்டும் கேட்டார்கள். ஸ்பீக்கரைவிட ஒயர் விலை அதிகம். அதனால்தான் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள்.

படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பேராசிரியர். வாரம் முழுக்க மின்சாரத்தைப் பற்றிப் பாடம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பாடத்துக்கு விடுமுறை. மூளைக்கும் சேர்த்து.

"போன மாசம் வாங்கினேன் சார். வீட்ல நாய்கூட இப்ப அடக்கமா உக்காந்து கேக்குது" என்றார் பல் டாக்டர்.

"முன்னாடி நாய் என்ன பண்ணும்?" என்று கேட்டான் பின்படியில் இருந்த இளைஞன்.

"முன்னாடியும் உக்காந்துதான் இருக்கும். ஆனா இப்ப அந்த உக்கார்ற தோரணையே வேற!"

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அந்த இளைஞனின் வேலை. அதற்கென்று கல்லூரியில் படித்தவன். பக்கத்தில் அவனுடைய மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். கழிப்பறைக்குள் ஒளிந்தவனையும் இருக்கைக்கு அடியில் படுத்தவனையும் வாசம் பிடித்தே பிடித்தவர். இன்று மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பைக்குள் இரண்டு தங்க வளையல். அவருடைய மகளுடையது. மகள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இளைஞனுக்கு அவள் மனைவி.

அவள் கடைசியாக அப்பாவின் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். 'அப்பா, நான் வர லேட்டாகும். ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு படுங்க. அப்புறம்…' அதற்குப் பிறகு சரசரவென்று ஒரு சத்தம். செய்தி முடிந்துவிடும்.

அந்த 'அப்புறம்' என்ற சொல்லில்தான் மாமனார் குடியிருந்தார். அதற்கு அப்புறம் என்ன? கைபேசியில் கேட்டார், காதை ஒட்டிவைத்துக் கேட்டார். பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் தெரியும் என்று ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்பினார். மருமகனும் கூடப் போனான். கையில் இருந்ததற்குள் வாங்க வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: "அஞ்சாறு பொட்டியா இருந்தா படம் பாக்க ஆடம்பரமா இருக்கும் சார். இந்தக் காசுக்கு அது எல்லாமே தகரமாத்தான் இருக்கும். பேச்சு தெளிவா கேக்கணும்னா நல்லதா ரெண்டே ரெண்டு ஸ்பீக்கர் போதும். காசை ஸ்பீக்கர்ல போடுங்க. ஒயர்ல போடாதீங்க."

அப்படியே வாங்கினார்கள். குரல் தெளிவாக வந்தது. சரசரப்பும் தெளிவாக வந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் யாரோ ஒலிஞானியைப் பற்றிச் சொன்னார்கள். மாமனார் தனியாகப் போய்ப் பார்த்தார். ஞானி கண்ணை மூடிச் செய்தியைக் கேட்டு, நீளமாக மூச்சு விட்டு, "குழந்தை பேசியிருக்கு. வார்த்தை உள்ளேதான் இருக்கு. உங்க ஒயர் அதைக் கொன்னுடுது" என்றாராம். ரொக்கம் இல்லை என்றதும், தங்கமும் நல்ல உலோகம்தான் என்று பெருந்தன்மையாகச் சொன்னாராம்.

அன்று காலையில்கூட மருமகன் சொல்லிப் பார்த்தான்.

"ஒயருக்கு ஏது மாமா உயிரு?"

"உங்களுக்கு எதையும் கேக்க வேணாம் மாப்பிள்ளை. எனக்குக் கேக்கணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டான்.

கதவு திறந்தது. வாசலில் ஒரு கூடை. எல்லோரும் கைபேசியை அதில் போட வேண்டும். அதன் அலை ஜீவதந்திக்கு ஆகாதாம். உள்ளே மர மறைப்பு ஒன்று. அதன் பின்னாலிருந்து ஒயர் வெளியே வந்து இரண்டு ஸ்பீக்கருக்குப் போயிற்று. மறைப்பின் இடைவெளியில் ஆம்ப்ளிஃபயர்; முகம் முன்பக்கம், ஒயர் மாட்டும் முதுகு பின்பக்கம். அதன்மேல் கறுப்பு வெல்வெட் துணி. வெளிச்சம் பட்டால் ஒலி கூசுமாம்.

ஞானி பட்டு அங்கி அணிந்திருந்தார். பெரிய பை வைத்துத் தைத்த அங்கி. அதைப் பிறகு பார்ப்போம்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. முதல்ல கடை ஒயர்."

பாட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. "ஐயோ பாவம்" என்றார் பேராசிரியர்.

ஞானி மறைப்புக்குப் பின்னால் போய் ஒயரை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப ஜீவதந்தி."

அதே பாட்டு. ஆனால் அறையே விரிந்தது போல இருந்தது. தாளம் நெஞ்சில் தட்டியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. மாமனாரின் மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

இளைஞனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கும் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல அவனால் முடியவில்லை. ஒரு நொடி, ஒருவேளை அந்தச் சரசரப்புக்குள் ஏதாவது இருக்குமோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஆனால் அவன் கண்ணை மூடியிருக்கவில்லை. தொழில் பழக்கம். நாள் முழுக்க இருட்டறையில் மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் கேட்பது ஒரே கேள்வி: 'இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?' நடுநடுவே பவர் இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டுவிட்டு, 'இப்போ?' என்று கேட்பான். 'ஆஹா, இப்போ பளிச்சுன்னு இருக்கு' என்பார்கள் பாதிப் பேர். அவர்கள் பொய்யர்கள் அல்ல. 'இப்போ' என்று சொன்ன குரலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எழுந்தான்.

"சாமி, இன்னொரு தடவை. ஒயரை நான் மாத்தறேன்."

"சந்தேகக்காரன் கை பட்டா தந்தி சூடாயிடும்" என்றார் ஞானி.

"உக்காருப்பா!" என்றார் பல் டாக்டர். "எல்லாருக்கும் கேக்குது, உனக்கு மட்டும் என்ன? காதுல அடைப்பா?"

"இதெல்லாம் உணர்ற விஷயம் தம்பி" என்றார் பேராசிரியர். "சோதிக்கிற விஷயம் இல்ல." இயற்பியல் எங்கோ தலையில் அடித்துக்கொண்டிருக்கும்.

சத்தம் அடங்கியதும் மாமனார் மெதுவாகப் பேசினார்.

"மாத்தட்டுங்க. வளையலைக் குடுக்கப்போறவன் நான். சூடானா எனக்குத்தானே நஷ்டம்."

ஞானி வளையல் இருந்த பையைப் பார்த்தார். தலையசைத்தார்.

மறைப்புக்குப் போகும் வழியில் இளைஞன் மாமனாரிடம் குனிந்தான். "மாமா, நீங்க மட்டும் கண்ணை மூடாதீங்க. அவர் கையையே பாருங்க."

மறைப்புக்குப் பின்னால் போனான். ஜீவதந்தி மாட்டியே இருந்தது. அதில் கையே வைக்கவில்லை. சும்மா கொஞ்சம் கடகடவென்று ஓசை எழுப்பினான்.

"இப்ப கடை ஒயர்" என்றான்.

பாட்டு வந்தது.

"த்தூ, தகர டப்பா" என்றார் பல் டாக்டர். "ஒரு தடவை உயர்ந்ததைக் கேட்டுட்டா இதைக் காது ஏத்துக்கவே மாட்டேங்குது பாருங்க."

இளைஞன் இப்போது உண்மையிலேயே ஒயரைக் கழற்றினான். கடை ஒயரை மாட்டினான். ஜீவதந்தியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இப்ப ஜீவதந்தி."

பாட்டு பொங்கிக்கொண்டு வந்தது. "பாடறவங்க மூச்சே கேக்குது!" என்று கத்தினார் பேராசிரியர். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

இளைஞன் வெளியே வந்தான். "கண்ணைத் திறங்க."

எல்லோரும் திறந்தார்கள். எந்தத் தந்தியில் பாடகியின் மூச்சு வந்ததோ, அது அவன் கையில் பாம்புச் சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கைகூப்பி நின்றவர் மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டார்.

பல் டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். "அது… ரூமுக்குள்ள இருந்தாலே போதும்போல. அவ்வளவு சக்தி!"

மாமனார் எழுந்தார். நடை மாறியிருந்தது. ஓடுகிற ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நடக்கிறவரின் நடை. நேராகப் போய் வெல்வெட் துணியை உருவி எறிந்தார். ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் ஒலி அளவு எண்ணாக மின்னிக்கொண்டிருந்தது.

"தம்பி" என்றார் ஞானியைப் பார்த்து. அதுவரை சாமியாக இருந்தவர் அந்த ஒரு சொல்லில் தம்பியாகிவிட்டார். "கையை வெளிய எடு."

"ஐயா, தியானம் கலையுது…"

"உன்னை மாதிரி ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். டிக்கெட் இல்லாதவன் கைதான் பையை விட்டு வெளிய வராது. எடு."

அங்கிப் பையிலிருந்து கை வந்தது. கையோடு ஒரு கைபேசியும் வந்தது. கூடைக்குள் போகாத ஒரே கைபேசி. பதற்றத்தில் கட்டைவிரல் அதன் ஓரத்துப் பொத்தானை அழுத்திவிட்டது. ஆம்ப்ளிஃபயரில் எண் கிடுகிடுவென்று ஏறியது. ஸ்பீக்கர் அலறியது. கீழே டயர் கடையில் யாரோ "யோவ்!" என்று கத்தினார்கள்.

இவ்வளவுதான் ஞானம். கடை ஒயர் என்று சொன்னால் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது. ஜீவதந்தி என்றால் கொஞ்சம் ஏற்றுவது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதெல்லாம் காதுக்கு அழகாகத் தெரியும். அதில் இன்னொரு கூத்து. பாட்டு அந்தக் கைபேசியிலிருந்து காற்று வழியாகத்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒயரின் மகிமையை விற்றவர் பாட்டை ஒயரே இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஞானி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கினார். பேராசிரியர் கூடைக்குள் தன் கைபேசியை யார் முகத்தையும் பார்க்காமல் தேடினார். பல் டாக்டர் மட்டும் அந்தச் சுருளை வாங்கித் தடவிப் பார்த்தார். "எதுக்கும் இதை நான் எடுத்துக்கட்டுமா? இனிமே விலை இருக்காதே?"

அவரைப் பற்றி மேலே ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த நாய்க்கு என் அனுதாபம்.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் ஒரு காரியம் செய்தான். சுவரோடு ஒட்டிக் கிடந்த ஸ்பீக்கர்களை முன்னால் இழுத்து வைத்தான். சோபா மறைக்காமல், உட்காருகிறவர் காது உயரத்துக்கு இரண்டு முக்காலிகள் மேல் ஏற்றினான். காசு ஆகவில்லை. செய்தியை ஓடவிட்டான்.

'அப்பா, நான் வர லேட்டாகும். ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு படுங்க. அப்புறம்…'

அறையின் நடுவில் அவள் நிற்பது போல இருந்தது. பிறகு சரசரப்பு. பிறகு ஒன்றுமில்லை.

மாமனார் அவன் முகத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு வார்த்தை கேட்டது என்று அவன் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஞானி விற்ற சரக்கும் அதுதான்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல மாமா" என்றான். "யாரோ கூப்பிட்டிருப்பாங்க. போனைப் பையில போட்டிருக்கா. அவ சொல்லவே இல்ல. சொல்லாதது எந்த ஒயர்லயும் வராது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாமனார் பையிலிருந்து வளையல்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "சொன்னது வரைக்கும் இன்னொரு தடவை போடுங்க மாப்பிள்ளை" என்றார்.

போட்டான். இருவரும் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார்கள்.

ஒலிஞானி இப்போது வேறு பக்கம் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. ஒயரை விட்டுவிட்டாராம். ஸ்பீக்கர் தலையில் வைக்க மந்திரித்த கல் விற்கிறாராம். அங்கேயும் மாடிப்படி நிரம்பி வழிகிறதாம். போகிறவர்கள் போகட்டும். உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வார். அப்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம் என்றால், உங்கள் கைபேசியோடு மூளையையும் அந்தக் கூடையிலேயே போட்டுவிடுங்கள். யாராவது பயன்படுத்துகிறவர் எடுத்துக்கொள்வார்.