கொயினாவில் வந்த பதுருன்னிசா

"மச்சான், எழுந்திரிங்க. கஞ்சி ஆறிப்போவுது."

ஜமால் முகம்மது கண்ணைத் திறந்தார். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடையின் மாடியறையில், நாகூரில் இருக்க வேண்டிய மனைவி பதுருன்னிசா நின்றிருந்தாள். மறுபடி கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாகூர்ப் பெண்கள் கடலைப் பார்ப்பதே மாடி ஜன்னல் வழியாகத்தான். அவர்களில் ஒருத்தி கப்பலேறி வருவதாவது! காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, வேறென்ன?

பக்கத்துக் கடை அப்துல் கையூம்தான் நேற்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "முறைக்காய்ச்சல்தான்லா, மலேரியா. கொயினா தின்னுங்க" என்று ஒரு புட்டி மாத்திரையைக் கொடுத்தார். தொட்டே வியாதி சொல்லும் மகான் அவர்.

ஜமால் இரண்டு விழுங்கினார். காதில் வண்டு ரீங்கரித்தது. அவள் போகவில்லை. இன்னும் நாலு விழுங்கினார். அறை தொட்டில்போல் மெல்ல ஆடியது. அந்த ஆட்டத்திலும் அவள் அடுப்பு மூட்டி மீன் ஆணம் வைத்தாள். குழம்பு வாசனைகூட வந்தது.

"ஆறு வருஷம்! ஒரு கடுதாசி உண்டா? கூடப்பொறந்த காக்காவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு, கப்பல்ல வாந்தி எடுத்தே செத்தேன்!"

கனவில்கூட இவள் வாய் ஓயாதா என்று நினைத்தார். ஆனால் அவள் நெற்றியைத் தடவியதும் அவருக்கு வேறொன்று உறைத்தது. காய்ச்சல் போனால் இவளும் போய்விடுவாளே! மீதி மாத்திரைகளை ஜன்னல் வழியே வீசினார்.

மறுநாள் எப்படியோ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டருக்கு உதவும் டிரஸர் இராமசாமி ஊசியோடு நின்றார்.

"விரலை நீட்டுங்க பாய்."

"வேணாம்யா! காய்ச்சல் இருந்துட்டுப் போகட்டும்."

"ஒரு சொட்டு ரத்தம்தான். பூதக்கண்ணாடியில பாத்தா உண்மை தெரிஞ்சிரும்."

குத்தியே விட்டார். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"முறைக்காய்ச்சல் கிருமி ஒண்ணுகூட இல்ல. சளிக்காய்ச்சல், அதுவும் விட்டுப்போச்சு. காது இரைச்சல், கிறுகிறுப்பு எல்லாம் கொயினாவை அள்ளித் தின்னதால. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்."

ஜமால் விசும்பி அழுதார். "தெளிஞ்சா அவ போயிடுவாய்யா!"

"யாரு?"

"என் பொஞ்சாதி. காய்ச்சல் மயக்கத்துல வந்தவ."

டிரஸர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"அப்ப உங்களை இங்க ஏத்திக் கொண்டாந்து, வாசல்ல ரிக்ஷாக்காரனோட சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறது யாரு பாய்?"