வெயிலில் காய்ந்த பெட்டரியும் அக்காவின் கல்யாணமும்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் கிட்டார் வாசித்திருக்கிறேன். அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் முக்கால் கோயில் வரை நடந்து வந்துவிட்டு, திரும்பி வாசலை நோக்கிப் போனாள். அதற்குப் பிறகு யாரும் என்னை வாசிக்கக் கூப்பிடவில்லை. (கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அதுதான் என்னிடம் உள்ள கோளாறு.)

மணப்பெண் வேறு யாருமல்ல, என் சொந்த அக்கா ரீட்டா. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாப்பிள்ளை ஜோசப் மாத்தளை டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்பவர். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் பலகாரப் பெட்டியோடு வந்தார்கள். ஜோசப் அத்தான் மட்டும் எனக்கென்று ஒரு பாட்டு கெசட் கொண்டு வந்தார்.

“மச்சான் கிட்டார் பழகுறதா சொன்னாங்க. இதக் கேட்டுப் பாருங்க. புரோகிரஸிவ் ரொக். கடையில நானே பதிஞ்சது.”

(பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த தொழிற்சங்கத் தலைவர் இதைக் கேள்விப்பட்டு, முற்போக்கான பாட்டு என்றால் மே தினத்துக்கு வாசிக்கலாமே என்று நாலு தடவை வந்து கேட்டார்.)

இந்த வகைச் சங்கீதக்காரர்களுக்கு ஒரு பாட்டை மூன்று நிமிடத்தில் முடிக்கத் தெரியாது. ஓர்கனும் டிரம்சும் சேர்ந்து, இரும்புக்கடையைப் படியில் உருட்டிவிட்டது போல் பத்து நிமிடம் சத்தம் போடுவார்கள். பிறகு திடீரென்று எல்லாம் அடங்கும். அப்போது, கரண்ட் இல்லாத சாதாரண மரக் கிட்டார் ஒன்று தனியாக வரும். அது தயங்கி, யோசித்து, நின்று நின்று பேசும். எங்கள் லயத்திலும் கரண்ட் இல்லை, அந்தக் கிட்டாருக்கும் கரண்ட் இல்லை. அதனாலேயே அது எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது. மற்றச் சத்தத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டு அந்த ஒரு துண்டுக்காகவே காத்திருப்பேன்.

அக்காவுக்கு அப்போது ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் கோயிலுக்குள் நடந்து வரும்போது ஹார்மோனியம் வேண்டாம், கிட்டார் வேண்டும். காரணம் எங்கள் உபதேசியார் சூசை. ஃபாதர் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துபவரும், ஹார்மோனியம் வாசிப்பவரும் அவரே. கிறிஸ்மஸ் பாட்டையும் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு போலவே வாசிப்பார்.

“என் கல்யாணத்துல யாரும் மூக்குச் சிந்தக் கூடாது. நீ வாசி” என்றாள் அக்கா. அந்தக் கிட்டாரே அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

அப்பாவுக்குக் கிட்டார் என்றாலே ஆகாது. அவர் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் ஓட்டுபவர். கிட்டார் வைத்திருப்பவன் எவனும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் போகமாட்டான் என்பது அவருடைய ஆராய்ச்சி. அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்த பிறகு இறங்கி வந்தார்.

“சரி, வாசிக்கட்டும். ஆனா ஒரு தப்பு வந்துச்சு, அன்னைக்கே அது அடுப்புக்குத்தான்.”

ஆக, அக்காவின் ஆசை, என் மானம், கிட்டாரின் உயிர் மூன்றும் அந்தக் கெசட்டை நம்பியிருந்தன. கெசட்டோ பெட்டரியை நம்பியிருந்தது.

நாட்டில் கலவரம் நடந்த அந்த நாட்களில் ரேடியோவில் நியூஸ் கேட்காமல் யாரும் வீட்டை விட்டு இறங்கமாட்டார்கள். எங்கே ஊரடங்கு, எந்த ரோடு மூடியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அதனால் புது பெட்டரி என்றால் அது அப்பாவின் நியூசுக்கு. நியூஸ் வாசிப்பவருக்குத் தொண்டை கட்டியதும் அப்பா பெட்டரியைக் கழற்றி வைப்பார். அதன் பிறகுதான் அது என் கைக்கு வரும். நான் அதைக் கூரைத் தகரத்தில் வெயிலில் காயவைப்பேன். காய்ந்தால் கொஞ்சம் உயிர் வரும். (எங்கள் லயத்தில் எல்லாரும் செய்வதுதான். எல்கடுவையில் வெயில் எப்போது வரும் என்பது தனிக் கதை.) அப்படிக் காய்ந்த பெட்டரியை டேப் ரெக்கோர்டரில் போட்டு மூன்று மாதம் அந்தத் துண்டைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். ரிவைண்ட் செய்தால் பெட்டரி தீர்ந்துபோகும் என்று கெசட்டைப் பென்சிலால் சுற்றினேன். அதனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான் கேட்பேன், முதலிலிருந்துதான் வாசிப்பேன். நடுவில் எந்த இடத்திலும் தொடங்க எனக்குத் தெரியாது.

கெசட் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டு போனது எனக்கு உறைக்கவில்லை. அதன் சுருதியும் இறங்கியது. அது இறங்க இறங்க நானும் கம்பியைத் தளர்த்திக்கொண்டே வந்தேன். கடைசியில் கம்பிகள் கொடியில் காயும் துணி மாதிரி தொங்கின. துண்டின் முடிவில் ஒருவர் பாடுவார். எழுபது வயது தாண்டிய பெரியவர், பாவம், ஆஸ்துமாக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வயதிலும் எவ்வளவு உருக்கம் என்று வியந்திருக்கிறேன்.

“இன்னும் சுருதிதான் சேர்க்கிறியா?” என்று அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடிக்கடி கேட்பாள்.

“இல்லக்கா, வாசிக்கிறேன்.”

“ஓ” என்பாள். அந்த ‘ஓ’வை நான் கவனித்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு ஃபாதர் மாத்தளையிலிருந்து வந்து ஒத்திகை வைத்தார். கிட்டாரை ஒருவருக்கும் முன்கூட்டிக் காட்டக்கூடாது என்று நான் ஒளித்து வைத்ததால், சூசை ஹார்மோனியம் வாசித்தார். ஃபாதர் அப்பாவிடம் சட்டத்தை விளக்கினார்.

“பாட்டு தொடங்குறப்ப நீங்களும் மகளும் வாசல்ல நிக்கணும். பாட்டுக்கு ஏத்தமாதிரி நடக்கணும். பாட்டு நின்னா நிக்கணும். வெளங்குதா?”

“வெளங்குது ஃபாதர்” என்றார் அப்பா. அப்பாவுக்கு ஒரு சட்டம் விளங்கிவிட்டால் பிறகு அதைக் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

கல்யாண நாள் வந்தது. அந்தக் காலத்தில் நல்ல நேரத்தைவிட ஊரடங்கு நேரத்தைத்தான் முதலில் பார்ப்போம். பதினொரு மணிக்குப் பூசை, சாப்பாடு, மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்க வேண்டும், ஆறு மணிக்கு ஊரடங்கு. ஆனால் ஃபாதரின் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது ஒன்றரை. பஸ் டிரைவர் கோயில் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா மருமகளைப் பார்ப்பதற்குப் பதிலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் உட்கார மொத்தம் பன்னிரண்டு வரிசை வாங்குப் பலகைகள். வாசலிலிருந்து பீடத்துக்குச் சும்மா நடந்தால் அரை நிமிடம். நான் தொடங்கினேன்.

முதல் நாலு சத்தத்திலேயே சபை திரும்பிப் பார்த்தது. தொங்கிய கம்பிகள் ‘டொய்ய்ங்’ என்றன. அக்கா வலது காலை எடுத்து வைத்தாள். இடது காலை எடுக்கப் பாட்டு வரவில்லை. காலைத் தூக்கியபடி காத்திருந்தாள். கடன் வாங்கிய ஹைஹீல்ஸ் வேறு. இதில் இன்னொரு வில்லங்கம், அந்தத் துண்டு ஏழு எண்ணிக்கைத் தாளம். மனிதருக்கு இரண்டு கால்தானே? ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கால் மிச்சம் வந்தது. அப்பாவும் அக்காவும் சேற்றில் நடப்பவர்கள் போல் தள்ளாடி நாலாவது வாங்குக்கு வந்தார்கள்.

அங்கே அந்த இசையில் ஒரு மௌனம் உண்டு. நான் நிறுத்தினேன். அப்பா சட்டப்படி நின்றார். சூசை எழுந்து, “எல்லாரும் உக்காருங்க” என்றார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் மறுபடி தொடங்கினேன். எல்லாரும் எழுந்தார்கள். ஏழாவது வாங்கில் இன்னொரு மௌனம். “உக்காருங்க.” உட்கார்ந்தார்கள். தொடங்கினேன். எழுந்தார்கள். சூசையின் முகத்தில் நான் என்றும் பார்த்திராத ஒரு சந்தோஷம்.

ஃபாதர் பீடத்திலிருந்து மெல்லக் கேட்டார்: “தம்பி, இது இந்த உலகத்துலயே முடியுமா?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கலைஞர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ பார்த்திருந்தேன். ஒன்பதாவது வாங்கு. துண்டின் மிக மென்மையான இடம். விரல் நுனியால் கம்பியைத் தொட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே டிரைவர் ஹார்னை அழுத்தினார், நீளமாக.

என் விரல்கள் உறைந்துபோயின. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. நூற்றைம்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, அப்படியே திருப்பி, வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

“எங்கப்பா போறீங்க?” அக்காவின் குரல் கீச்சிட்டது.

“பாட்டு மறுபடி மொதல்ல இருந்து வருதும்மா. பாட்டு தொடங்குறப்ப வாசல்ல நிக்கணும்னு ஃபாதர் சொன்னாருல்ல? மெஷின் நின்னா மொதல்ல இருந்துதான் ஓட்டணும்.”

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கைவைத்தார்.

“ஐயோ மாதாவே, பொண்ணு திரும்பிப் போறாளே!”

கோயில் அமளிப்பட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். “பிடிக்காத பொண்ண இழுத்துட்டு வந்துட்டாங்க” என்றது ஒரு குரல். “ஊரடங்குக்கு முன்ன நாம கெளம்புவோம்” என்றது இன்னொன்று. ஃபாதர் கையை உயர்த்தி, “மகளே, ஒனக்குச் சம்மதமா இல்லையா?” என்று கேட்டார். அக்கா மூடிய கதவுக்கு முன்னால், ஒரு செருப்பு கழன்ற நிலையில், அழுதுகொண்டிருந்தாள். கல்யாணத்தில் யாரும் மூக்குச் சிந்தக்கூடாது என்று சொன்னவள் அவள்தான். என் அக்காவின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று உண்மையாகவே பயந்தேன். (வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டுமே.)

அப்போதுதான் ஜோசப் அத்தான் பீடத்தடியிலிருந்து இறங்கி வந்தார். நேராக அக்காவிடம் போகவில்லை. என் பக்கத்தில் நின்று, பழுதான ரேடியோவைக் கேட்பது போல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“மச்சான், எந்த பெட்டரி போட்டு இதப் பழகினீங்க?”

“அப்பா நியூஸ் கேட்டு முடிச்ச பெட்டரி அத்தான். தகரத்துல காயவச்சது.”

அத்தான் சிரித்தார். கோட்டும் டையும் குலுங்கச் சிரித்தார். பிறகு சபையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “பயப்படாதீங்க. பொண்ணு எங்கயும் போகல. டேப்புல பெட்டரி வீக்கு, அவ்வளவுதான்!”

டவுன்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் பெட்டரி காயவைத்தவர்கள். முதலில் கடைசி வரிசை வாங்கு சிரித்தது. பிறகு கோயிலே சிரித்தது. அக்காவும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

அத்தான் வாசலுக்குப் போய், கழன்ற செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

“வாங்க, நாங்க நடப்போம்.”

“பாட்டு?” என்றார் அப்பா விடாமல்.

“பாட்டு பின்னால வரட்டும் மாமா.”

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் விரலைச் சொடுக்கினார். ஏழு எண்ணிக்கைதான், ஆனால் என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மூன்று மாதம் உருகி உருகி வாசித்தது, உண்மையில் துள்ளிக் குதிக்கிற ஒரு துண்டு. அந்த வேகத்தைப் பிடிக்கப் பார்த்தேன். நாலே சொடுக்கில் என் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு விழுந்தன. மிச்சத்தைச் சூசை ஹார்மோனியத்தில் முடித்தார், பெரிய வெள்ளிக்கிழமை மாதிரியே. ஊரடங்குக்கு அரை மணி நேரம் இருக்க பஸ் மாத்தளை போய்ச் சேர்ந்ததாம்.

அன்று சாயந்தரம் அப்பா வந்து கிட்டாரைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தார்.

“ஈரப் பலகை. அடுப்புல போட்டாலும் எரியாது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அத்தானின் கடையில், கரண்டில் ஓடும் டேப்பில், அந்தத் துண்டைச் சரியான வேகத்தில் கேட்டேன். ஒன்பது நிமிடம் நான் இழுத்தது நாலரை நிமிடத்தில் முடிந்தது. கடைசியில் பாடியவர் ஆஸ்துமாப் பெரியவர் அல்ல, ஒரு பெண். இப்போது என் ஃபோனிலும் அந்தத் துண்டு இருக்கிறது. எனக்கு என்னமோ அதைச் சரியான வேகத்தில் பிடிப்பதில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் கேட்கிறேன். அதுதான் எனக்குப் பிடித்த கிட்டார்.

ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அத்தான் எனக்குக் கலர்த்தாளில் சுற்றி நாலு புது பெட்டரி தருவார். இன்று வரை ஒரு வருடமும் தவறவில்லை. வீட்டில் யாராவது மெதுவாக நடந்தாலோ, மெதுவாகச் சாப்பிட்டாலோ, பிள்ளைகள் “மாமா பெட்டரி” என்பார்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தால் அக்காவிடம் ஒரே ஒரு ஆயுதம் உண்டு.

“நான் அன்னைக்கே திரும்பிப் போனவ. நீங்கதான் பின்னாலயே வந்து கூட்டிட்டு வந்தீங்க!”

அத்தான் என்னைப் பார்த்து, “மச்சான், மொதல்ல இருந்து வாசிங்க” என்பார்.