இன்னும் கொஞ்சம் நன்னாரி

சோம்பேறிகளால் இந்த ஊரில் எந்த வேலையும் நின்றுபோனதில்லை. ஆள் சோம்பேறி என்று தெரிந்ததும் நாம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். வேலையை நிறுத்திவைப்பவர் வேறோர் இனம்: தலைநிமிராமல் உழைப்பவர், கெட்டிக்காரர், தங்கமான மனசுக்காரர், முடிந்த வேலையைக் கையைவிட்டு இறக்க மட்டும் தெரியாதவர். கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை இவரிடம் கொடுத்துப் பாருங்கள். தாலி கட்டி, பந்தியும் முடிந்த பிறகு, ஒரு பிழைகூட இல்லாத அருமையான பத்திரிகை உங்கள் கைக்கு வந்து சேரும். இந்த இனத்துக்கு இன்னும்கொஞ்சக்காரர் என்று பெயர் வைப்போம். இதைவிட நல்ல பெயராக வைத்திருக்கலாமே என்று தோன்றுகிறதா? சும்மா இருங்கள்.

இனத்தின் சிகரம் ராயப்பேட்டையில் இருக்கிறார். பெயர் அப்துல் வஹீத். மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஆனால் அட்டையிலிருந்து நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும் கடை அல்ல. மருந்து கலந்து கொடுக்கும் கடை. மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தைகளுக்கு, டாக்டர் எழுதிய அளவில், பெரியவர்களுக்கான மாத்திரையைப் பொடித்து, பாகில் கலந்து, புட்டியில் ஊற்றி, 'நன்றாகக் குலுக்கவும்' என்று ஒட்டித் தருவார். கை அவ்வளவு சுத்தம், அளவு அவ்வளவு கச்சிதம். பாய் கலந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று டாக்டர்களே சொல்வார்கள்.

கலந்த மருந்து எத்தனை நாள் தாங்கும்? அதுதான் கேள்வி. வீரியம் குறையாமல், பூஞ்சை பிடிக்காமல், அடியில் கட்டி தட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க அடையாறில் ஒரு லேப் இருக்கிறது. சென்னையின் மே மாதத்தைப் பீரோவுக்குள் அடைத்துவைத்த மாதிரி ஒரு பெட்டி அங்கே உண்டு. அதற்குள் சாம்பிள் புட்டிகளை வைத்து, மூன்று மாதம் விடாமல் சோதித்து, தேறினால், 'ஒரு மாதம் வைத்துக் கொடுக்கலாம்' என்று தைரியமாக லேபிள் ஒட்டலாம். தேறும்வரை ஒரே வாரம்தான். பாய் அதில் கறார். ஆனால் நடுவில் கலவையில் ஒரு சொட்டு மாறினாலும் அது வேறு மருந்து. சோதனை மறுபடி முதலிலிருந்து.

இந்த இடத்தில் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். பாய்க்குத்தான் புரியவில்லை.

ஷீலா என்ற ஐந்து வயதுக் குழந்தையின் இதயத்துக்காக அவர் ஒரு மருந்து கலந்தார். ஆரஞ்சு வாசனை. சோதனை பாதியைத் தாண்டியது. லேபில் வேலை பார்க்கும் தூபா, பாயின் அக்கா மகள், போன் செய்து, "மாமு, ரிசல்ட் எல்லாம் ஜோரா வருது. தயவுசெஞ்சு இதுல கை வெக்காதீங்க" என்றாள். "நான் ஏம்மா கை வெக்கப் போறேன்?" என்றார். அன்று மாலையே மயிலாப்பூரில் தெப்பக்குளத்தோரம் நின்று ஒரு ரோஸ்மில்க் குடித்தார். தீர்ந்தது. ஆரஞ்சு போய் ரோஸ் வந்தது. ரோஸும் கிட்டத்தட்ட கரை சேரும் நேரத்தில், பாகு கொஞ்சம் தண்ணியாக இருப்பதாக அவருக்குப் பட்டது. பாகு கெட்டியானது. கெட்டிப் பாகு பெட்டிக்குள் பொறுமையாக வெந்துகொண்டிருக்கும்போது, வெயிலுக்கு நன்னாரி குளிர்ச்சியாயிற்றே என்ற ஞானம் பிறந்தது. வீட்டில் நஸ்ருன்னிசா, அவர் மனைவி, தால்ச்சா கொதிக்கும்போது அவரைச் சமையலறைப் பக்கமே விடமாட்டார். லேபில் அந்த வசதி இல்லை.

இதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஒவ்வொரு புட்டியிலும் ஒரு துளி தொட்டு நாக்கில் வைப்பார், முகம் சுருங்கும், 'பச்சப்புள்ள இத்தயா குடிக்கும்?' என்று மனசு நிஜமாகவே வலிக்கும். வலித்த மனசு நேரே அலமாரியைத் திறக்கும்.

ஷீலாவின் அம்மா செண்பகம் ராயப்பேட்டையை ஒட்டிய ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவள். இப்போது பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் குடியமர்த்தியிருக்கிறார்கள். அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. பாயின் கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஆகவே சனிக்கிழமைதோறும் லீவு சொல்லிவிட்டு, விட்டுவர ஆளில்லாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் மாறிப் பஸ் ஏறி வருவாள். புட்டியை வாங்கிப்போய்ப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பாள். வாரம் முடிந்ததும் மறுபடி பஸ்.

"எப்போ பாய் ஒரு மாசத்து மருந்து தருவீங்க?"

"ஆச்சும்மா, ஆச்சு. டெஸ்ட்டு போய்க்கினுகீது. குட்டி, டேஸ்ட்டு எப்டி கீது?"

"கசக்குது."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை, மூன்று மாதம். செண்பகத்துக்குச் சூட்சுமம் பிடிபட நாளாயிற்று. பிடிபட்டதும், அந்தச் சனிக்கிழமை பஸ்ஸிலேயே மகளுக்குப் பாடம் நடத்தினாள். நன்னாரி சோதனை முடிய இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

"குட்டி, டேஸ்ட்டு எப்டி கீது?"

ஷீலா அம்மாவைப் பார்த்தாள். "சூப்பரா கீது பாய்."

பாயின் முகம் பெருநாள் காலை மாதிரி மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! இதுக்கே சூப்பர்னா, இன்னும் கொஞ்சம் நன்னாரி ஏத்துனா..." கை அலமாரிக்குப் போனது.

"கைய எடு பாய்!"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். நீங்க, வாங்க என்றெல்லாம் பேசுகிறவள். மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "உன் நன்னாரிய நீயே குடி. எம் பொண்ணு கசப்பு குடிப்பா, வேப்பெண்ணெ குடுத்தாலும் குடிப்பா. அடுத்த சனிக்கெழம லீவு போட்டா வேலைக்கே வராதன்ட்டாரு சூப்பர்வைசரு. மருந்துக்கு வரதா, சோத்துக்குப் போறதா? சொல்லு பாய், இன்னா பண்ணட்டும் நானு?"

பாய் கையை எடுத்தார். இத்தனை நாள் அவருக்கு மருந்தின் ருசி தெரிந்தது, பாகின் பதம் தெரிந்தது. சனிக்கிழமை என்பது இன்னொருத்திக்கு என்னவென்று மட்டும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அலமாரியைப் பூட்டிச் சாவியை நஸ்ருன்னிசாவிடம் கொடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் செண்பகம் வந்தாள், வாரப் புட்டியை வாங்கிப் போனாள். பாயும் டேஸ்ட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. சோதனை முடிந்தது. தூபா போனிலேயே கத்தினாள்: "தேறிடுச்சு மாமு!"

செண்பகம் இந்தத் தடவை சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து நின்றாள். பாய் ஒரு மாதத்துப் புட்டியை இரண்டு கையாலும் எடுத்துவைத்தார்.

"இனிமே மாசத்துக்கு ஒருக்கா வந்தா போதும்மா. ஆமா, இன்னிக்கு எப்டி லீவு குடுத்தாங்கோ?"

"இனிமே தெனமும் லீவுதான் பாய். நிறுத்திட்டாங்கோ."

பாய் புட்டியை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இவளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும், இப்போதே, இந்த நிமிஷமே. என்ன செய்வார் பாவம், அவருக்குத் தெரிந்தது ஒன்றுதானே? புட்டியை உற்றுப் பார்த்தார். லேபிளில் 'ஒரு மாதம்' என்ற எழுத்து சின்னதாக இருப்பதுபோல் பட்டது. "ஒரு நிமிஷம் நில்லும்மா" என்று லேபிளைக் கிழித்துவிட்டு, பெரிய எழுத்தில், கோணலில்லாமல், நிதானமாகப் புதிது எழுத உட்கார்ந்தார். செண்பகம் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

பாயைப் பார்த்துச் சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் மேஜையில் ஒன்று கிடக்குமே, எல்லாம் முடிந்து, 'ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன்' என்று ஆவணியிலிருந்து நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பது? அதற்காகக் காத்திருப்பவர் எங்கிருந்து எத்தனை பஸ் மாறி வருகிறார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?